தெர்மாகோலில் குத்தி வைத்த சிப்புகள்

அபுதாபியை ஒட்டிய முசஃபாவில் எங்கள் பட்டறைக்கு இடப்பக்கம் லாரி ரேடியேட்டர் கடை, வலப்பக்கம் வெல்டிங் கடை. நடுவில் நாங்கள் மின்னணுப் பலகைகள் செய்துகொண்டிருந்தோம். கழிவுநீர் ஏற்று நிலையங்களில் விஷவாயு கசிந்தால் ஊளையிடும் கருவிகளுக்கான பலகைகள். வெளியே தூசியும் கிரைண்டர் சத்தமும். கண்ணாடிக் கதவைத் திறந்து உள்ளே வந்தால் ஏ.சி., வெள்ளை விளக்கு, செருப்பைக் கழற்றச் சொல்லும் அறிவிப்பு. நான் அங்கே தரக் கட்டுப்பாட்டு இன்ஜினியர்.

சேர்ந்ததும் எனக்குத் தரப்பட்ட முதல் வேலை, உதிரிபாகங்கள் இருக்கும் ஸ்டோர் அறைக்கு விதிகள் எழுதுவது. எனக்குப் பட்டியல் போட வரும். பதினோரு விதிகள் எழுதினேன். மணிக்கட்டில் பட்டை கட்டாமல் எதையும் தொடக் கூடாது. தரைவிரிப்பின் கம்பி எப்போதும் பூமியோடு இணைந்திருக்க வேண்டும். அறையின் ஈரப்பதத்தைக் காலையும் மாலையும் குறிக்க வேண்டும். ஸ்டோரிலிருந்து வெளியே போகும் எந்த சிப்பும் சாம்பல் நிறக் காப்புப் பையில்தான் போக வேண்டும். இப்படிப் பதினொன்று. பிளாஸ்டிக் உறையில் போட்டு ஸ்டோர் கதவில் ஒட்டியபோது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

இங்கே குளிர்காலத்தில் காரின் கதவைத் தொட்டவர்களுக்குத் தெரியும், விரலில் சுருக்கென்று ஓர் அடி விழும். ஏ.சி. அறையிலும் அப்படித்தான், காற்று வறண்டிருக்கும், நடந்தாலே உடம்பில் மின்சாரம் சேரும். நமக்கு உறைக்கிற அளவு சேர்வதற்கு வெகு முன்பே ஒரு சிப் செத்துவிடும். செத்துவிட்டால் நல்லது. சோதனையில் தெரியும், தூக்கிப் போட்டுவிடலாம். சாகாமல் உள்காயத்தோடு தப்பிப்பதுதான் ஆபத்து. அது சோதனையில் தேறும். பெட்டிக்குள் போய் எங்கோ ஒரு சுவரில் ஏறும். பச்சை விளக்கு எரியும். சில வாரங்களோ மாதங்களோ கழித்து உள்ளே இருக்கும் காயம் திறந்துகொள்ளும். அப்போதும் பச்சை விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். கருவியின் மூக்கு மட்டும் போயிருக்கும்.

ஸ்டோரைப் பார்த்துக்கொண்டவர் முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆள். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். ஹெல்பராக வந்து, சுமை தூக்கி, வேன் கழுவி, ஸ்டோருக்கு வந்தவர். அவர் ஸ்டோருக்கு வந்ததற்குக் காரணம் அவர் தங்கியிருந்த தொழிலாளர் கேம்ப் முழுவதும் தெரிந்த விஷயம்: அவரைப் போல ஊருக்குப் பெட்டி கட்ட ஆள் கிடையாது. யாராவது லீவில் போனாலோ கார்கோவில் சாமான் அனுப்பினாலோ விடுமுறை நாளில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கண்ணாடித் தம்ளர், மிக்ஸி, டிவி எதுவானாலும் சரி. முதலில் ஒட்டும் பிளாஸ்டிக் தாளை இறுக்கிச் சுற்றுவார், மூலைகளில் தெர்மாகோல் வெட்டி வைப்பார், மேலே பழுப்பு டேப்பை வரிவரியாக இழுத்து ஒட்டுவார். அவர் கட்டிய பெட்டியில் எதுவும் உடைந்ததில்லை. எங்கள் மேனேஜர் அதைக் கேள்விப்பட்டுத்தான், “பொருளை இப்படிப் பாத்துக்கிற ஆளுதான் ஸ்டோருக்கு வேணும்” என்று அவரை உள்ளே கொண்டுவந்தார்.

விதிகளை அவர் பயபக்தியோடு கடைப்பிடித்தார். மணிக்கட்டுப் பட்டையை ஒரு நாளும் மறந்ததில்லை. மேசையோடு கம்பி நீளத்துக்குள்ளேயே நடமாடிக்கொண்டு, “மாட்டைக் கட்டிப் போட்ட மாதிரி கட்டிப்புட்டீங்களே மேடம், புல்லாவது போடுங்க” என்பார். நான் எழுதிய ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டி வாசிப்பார். அர்த்தத்தை நான் தமிழில் சொல்லிக்கொடுத்தேன், கீழே கையெழுத்துப் போட்டார். அவர் மகள் மதுரையில் நர்சிங் இரண்டாம் வருடம். “அவ முடிக்கிற வரைக்கும் நமக்கு இங்க வண்டி ஓடினாப் போதும்” என்று அடிக்கடி சொல்வார். அந்த வருடக் கோடையில் அவருடைய விசாவைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது.

கோடைக்கு முன்னால் ஒரு சின்னப் பிரச்சினை வந்தது. வாயுவை உணரும் பகுதிக்கான ஒரு வகை சிப்புக்கு மெல்லிய கால்கள். பெஞ்சில் அவற்றைப் பலகையில் ஏற்றும் டெக்னீஷியன் மட்டக்களப்புக்காரர். அவர் ஒரு நாள் நாலைந்து சிப்புகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“இதைக் கொஞ்சம் பாருங்கோ மேடம். ஒவ்வொரு காலும் ஒவ்வொரு பக்கம் பாத்துக்கொண்டு நிக்குது. நான் சிப் பூட்டுறதா, எலும்பு முறிவு வைத்தியம் பாக்கிறதா?”

வழக்கமாக அந்தச் சிப்புகளைக் கருப்பு ஸ்பாஞ்சில் குத்தி வைப்போம். மின்சாரம் சேரவிடாத ஸ்பாஞ்சு அது. தீர்ந்துபோயிருந்தது, ஆர்டர் கப்பலில் வந்துகொண்டிருந்தது. நான் வேறொரு கூட்டத்துக்குப் போகிற அவசரத்தில் ஸ்டோரின் அரைக் கதவில் கையை ஊன்றி நின்று சொன்னேன்:

“அண்ணே, கருப்பு ஸ்பாஞ்சு வர மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் அந்தக் கால் வளையாம நீங்களே ஏதாவது பண்ணி வைங்க. ஊருக்குப் பெட்டி கட்டுவீங்கல்ல, அந்த மாதிரி.”

அவர் முகம் விரிந்தது. “அதை நம்மகிட்ட விடுங்க மேடம். இனிமே ஒரு கால் வளைஞ்சுச்சுன்னா மீசையை எடுத்துப்புடுறேன்.”

சிரித்துவிட்டுக் கூட்டத்துக்குப் போனேன். கால் வளைவதும் நின்றது. மாத ஆய்வுப் பட்டியலில் ‘கால் வளைவு’ என்ற வரிக்கு நேரே ‘சரிசெய்யப்பட்டது’ என்று எழுதினேன். மேல் இழுப்பறைகளைத் திறந்து பார்த்தேன், எல்லாம் சாம்பல் பையில் இருந்தன. கீழ் இழுப்பறைகளுக்குக் குனிய வேண்டும். குனியவில்லை. அந்த மாதமும், அடுத்த மாதமும், அதற்கடுத்த மாதமும்.

ஆகஸ்டில் பலகைகள் திரும்பி வர ஆரம்பித்தன. முதலில் ஒன்று, பிறகு மூன்று. எல்லாவற்றிலும் ஒரே குறை: பச்சை விளக்கு எரிகிறது, வாயுவைக் காட்டினால் அசைவதில்லை. நாங்கள் மாற்றுப் பலகை அனுப்பினோம். வாடிக்கையாளர் முணுமுணுத்தார், அவ்வளவுதான்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு நிலையத்தில் பம்ப் அடைப்பெடுக்க ஒருவர் குழிக்குள் இறங்கியிருக்கிறார். சுவரில் எங்கள் கருவி. பச்சை விளக்கைப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார் என்றார்கள். பாதி ஏணியில் மயங்கி விழுந்தவரை மூச்சுக் கவசம் போட்ட இரண்டு பேர் இறங்கித் தூக்கி வந்தார்கள். பிழைத்துக்கொண்டார் என்று மேனேஜர் சொன்னார். எந்த நிலையில் இருக்கிறார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வாடிக்கையாளர் ஒரு வாரம் கெடு கொடுத்தார். என்ன காரணம், யார் பொறுப்பு, என்ன திருத்தம் என்று கையெழுத்தோடு அறிக்கை வேண்டும். மேனேஜர் சென்னைக்காரர், இருபது வருடமாக இங்கே குடும்பத்தோடு இருப்பவர். என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“நீதாம்மா எழுதணும். தலை சுத்தற மாதிரி எழுதாத. ஒரு காரணம், ஒரு திருத்தம். அவ்ளோதான்.” பிறகு மேசையில் கிடந்த ஒரு கோப்பைத் தட்டினார். “அதுவரைக்கும் எந்த விசா ரின்யூவலும் நான் கையெழுத்துப் போடல. யாரால இதுன்னு தெரியட்டும்.”

கோப்பில் முதலில் இருந்தது ஸ்டோர்க்காரரின் தாள்.

நான் வழக்கப்படி பட்டியல் போட்டேன். காரணமாக இருக்கக்கூடியவற்றை எல்லாம் எழுதி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தேன். சால்டரிங் சூடு சரியாக இருந்தது. பெஞ்சின் விரிப்பும் பட்டைகளும் சரி. மட்டக்களப்புக்காரர் தன் கையை நீட்டி, “என்னையும் கீறிப் பாருங்கோ, ரத்தம் சிவப்பா எண்டு” என்றார். சப்ளையரிடமிருந்து அதே தொகுதியில் வந்து பிரிக்கப்படாமல் இருந்த பையிலிருந்து சிப்புகளை எடுத்துப் பலகைகள் செய்து சூட்டில் வைத்து ஓட்டினோம். ஒன்றும் சாகவில்லை. பட்டியலில் ஒரு வரிதான் மிஞ்சியது: ஸ்டோர்.

வியாழக்கிழமை காலை, நிலைமின்சாரம் அளக்கும் கைமீட்டரோடு ஸ்டோருக்குப் போனேன். ஸ்டோர்க்காரர் டீ குடிக்கப் போகிற நேரம். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“கீழ் டிராயரைத் திறக்கணும் அண்ணே.”

“திறந்து பாருங்க மேடம். ஒரு கால் வளைஞ்சிருக்காது.”

உண்மைதான். ஒரு கால்கூட வளைந்திருக்கவில்லை. இழுப்பறையின் அளவுக்கு வெட்டிய வெள்ளைத் தெர்மாகோல் பலகையில், வரிசைக்குப் பத்தாக, சிப்புகள் கால்களை ஊன்றி நின்றன. ஒவ்வொரு வரிசைக்கு மேலும் ஒட்டும் பிளாஸ்டிக் தாள் சுருக்கமில்லாமல் இழுத்துப் போர்த்தப்பட்டிருந்தது. ஓரங்களில் பழுப்பு டேப். டேப்பின் மேல் தேதியும் எண்ணும் அவருடைய உருண்டைக் கையெழுத்தில். பக்கத்தில் சாம்பல் பைகள் இஸ்திரி போட்டதுபோல் மடித்து அடுக்கப்பட்டிருந்தன. பெஞ்சிலிருந்து கேட்டு வரும்போது டேப்பை உரித்து, சிப்பைப் பிடுங்கி, பையில் போட்டுக் கொடுத்திருக்கிறார். வெளியே போகும் எதுவும் பையில் போக வேண்டும் என்பது விதி. உள்ளே இருப்பது எதில் இருக்க வேண்டும் என்று பதினோரு விதிகளில் எதுவும் சொல்லவில்லை. அதை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

மீட்டரைத் தெர்மாகோலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். எண் ஏறியது. டேப்பின் ஒரு முனையைப் பிடித்து ஒரு விரல்கடை அளவு உரித்தேன். எண் மீட்டரின் எல்லையைத் தாண்டிப்போய்த் திரை வெறும் கோடாக நின்றது.

“என்னா மேடம் காட்டுது?”

“கரண்டு அண்ணே.”

“இதுலயா? இது வெறும் தெர்மாகோலுதான? ஒயரே இல்லையே.”

அவருக்கு விளக்கினேன். தெர்மாகோல், ஒட்டும் தாள், டேப் மூன்றும் மின்சாரத்தைச் சேர்த்து வைப்பவை; கருப்பு ஸ்பாஞ்சு அப்படி இல்லை; ஒவ்வொரு முறை டேப்பை உரிக்கும்போதும் சிப்புக்குள் இடி விழுந்த மாதிரி. அவர் கையில் பட்டை கட்டியிருந்ததால் அவர் உடம்பில் ஒன்றுமில்லை, பொருளில்தான் எல்லாம். கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு பட்டையோடு இருந்த கையால் இழுப்பறையை மெதுவாக உள்ளே தள்ளினார், அதற்குள் ஏதோ தூங்குவதுபோல.

“கருப்பு ஸ்பாஞ்சு வந்துச்சு மேடம். வந்து ரெண்டு மாசம் ஆச்சு. இது நல்லா நிக்குதேன்னு நான்தான் மாத்தாம விட்டுப்புட்டேன்.” இழுப்பறையின் பிடியிலிருந்து கையை எடுக்காமல், “அந்தக் குழியில விழுந்த ஆளு, இதாலயா?” என்றார்.

“அப்படித்தான் தெரியுது.”

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் படம் எடுத்துக்கொண்டேன். பதினான்கு படங்கள்.

அன்று மதியமே மேனேஜர் அறையில் விசாரணை. மேனேஜர், மட்டக்களப்புக்காரர், நான், அவர். மேசையில் அந்தத் தெர்மாகோல் பலகை. மட்டக்களப்புக்காரர் அதைப் பார்த்ததும் வாயில் கை வைத்துக்கொண்டார். “ஐயோ அண்ணை, சீதனப் பெட்டி கட்டுற மாதிரியெல்லோ கட்டி வச்சிருக்கிறீங்கள்.” யாரும் சிரிக்கவில்லை.

மேனேஜர் ஸ்டோர்க்காரரிடம் கேட்டார். “யாருய்யா உன்னை இப்படி வைக்கச் சொன்னது?”

அவர் நின்றுகொண்டிருந்தார். என்னை ஒரு முறை பார்த்தார். பயத்தில் பார்க்கிறார் என்று நினைத்தேன். அல்லது அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது. என் முன்னால் நோட்டு இருந்தது. நான் தேதியை எழுதிக்கொண்டிருந்தேன். தேதியை எழுத அவ்வளவு நேரம் ஆகாது.

“யாரும் சொல்லலை சார்,” என்றார் அவர். “நானாத்தான்.”

“ரூல்ஸ்ல கையெழுத்துப் போட்டிருக்கியா இல்லையா?”

“போட்டிருக்கேன் சார்.”

“கலாஸ். முடிஞ்சுது. போ.”

மறுநாள் நான் மேனேஜரிடம் போனேன். கதவைச் சாத்திவிட்டு, வாய்வார்த்தையாக நான்தான் அப்படிச் சொன்னேன் என்று சொன்னேன். கருப்பு ஸ்பாஞ்சு இல்லாத நேரத்தில் சொன்னது, விளையாட்டாகச் சொன்னது, பிறகு மூன்று மாதம் கீழ் இழுப்பறையைத் திறந்து பார்க்காமலே ஆய்வுத் தாளில் கையெழுத்துப் போட்டது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

“எழுத்துல இருக்கா?”

“இல்ல சார்.”

“அப்போ அது நடக்கல. இங்க பாரும்மா. ஸ்டோர்க்காரன் ட்ரெய்னிங்கை மீறினான்னு போனா, ஆளை மாத்திட்டோம், முடிஞ்சுதுன்னு கஸ்டமர் கையெழுத்துப் போடுவான். இன்ஜினியர் சொல்லித்தான் பண்ணான், ஆடிட்டும் பொய்யின்னு போனா, நாம செஞ்ச எல்லாப் பலகையையும் திரும்பக் கேப்பான். லைசென்ஸ் போகும். இங்க முப்பது பேர் இருக்காங்க. உன்னையும் சேர்த்து.” பிறகு குரலைத் தணித்து, “உன் வீட்டுக்காரர் விசாவும் உன்மேலதானே இருக்கு?” என்றார்.

இருந்தது. என் கணவருக்கு அப்போது வேலை போய் நான்கு மாதம் ஆகியிருந்தது; என் வேலையும் போனால் இருவரும் ஊர் திரும்ப வேண்டியதுதான். இதை ஒரு சாக்காகச் சொல்லவில்லை. அன்று அந்த நாற்காலியிலிருந்து நான் எழுந்தபோது எனக்குள் இருந்தது பெரும்பாலும் நிம்மதி என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். சொல்லிவிட்டேன், இனி முடிவு அவருடையது என்று நினைத்தேன்.

அறிக்கை இரண்டு பக்கம் வந்தது. மூல காரணம் என்ற தலைப்பின் கீழ், ஸ்டோர் ஊழியர் பயிற்சிக்கு மாறாகத் தன்னிச்சையாகப் பொருள்களைப் பாதுகாப்பற்ற முறையில் வைத்திருந்தார் என்று எழுதினேன். ‘தன்னிச்சையாக’ என்ற சொல்லை ஒரு முறை அடித்தேன். பிறகு திரும்ப எழுதினேன். திருத்தம் என்ற தலைப்பின் கீழ் பன்னிரண்டாவது விதி சேர்த்தேன். வாடிக்கையாளர் இரண்டு நாளில் ஒப்புக்கொண்டார். அந்தத் தொகுதிப் பலகைகளை மட்டும் கழற்றிக்கொண்டு வந்தோம்.

ஸ்டோர்க்காரருடைய விசா புதுப்பிக்கப்படவில்லை. பணிநீக்கக் கடிதமும் விசா ரத்துத் தாளும் வந்தபோது மேனேஜர் ஊரில் இல்லை. அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவள் நான்தான் என்பதால் தாள்களை என்னிடம் கொடுத்தார்கள். நான் ஸ்டோருக்கே எடுத்துப் போனேன். அவர் பொருள்களை ஒப்படைத்து முடித்திருந்தார். மணிக்கட்டில் பட்டை இல்லை. பட்டை இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது.

“படிச்சுச் சொல்லுங்க மேடம். கையெழுத்துப் போடுற தாளைப் படிச்சுட்டுத்தான் போடணும்னு நீங்கதான சொல்லிக்குடுத்தீங்க.”

வரிவரியாகத் தமிழில் சொன்னேன். வேலையில் சேர்ந்த நாள். வேலை முடியும் நாள். டிக்கெட். காரணம் என்ற வரிக்கு வந்ததும் நிறுத்தினேன். அந்த வாக்கியம் என் அறிக்கையிலிருந்து எடுத்தது. கடைசிச் சொல்லை மட்டும் வேறு யாரோ சேர்த்திருந்தார்கள்.

“என்ன போட்டிருக்கு?”

“கவனக்குறைவுன்னு போட்டிருக்கு அண்ணே.”

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெல்டிங் கடையில் எதையோ இரும்பின்மேல் போட்டார்கள். அந்தச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்து பேசினார்.

“நீங்க பெட்டி மாதிரி கட்டச் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு மேடம். இந்தா, இந்தக் கதவுலதான் நின்னு சொன்னீங்க. மீட்டிங்குல நீங்களே சொல்லுவீங்கன்னுட்டுத்தான் உங்க பேரை எடுக்காம நின்னேன். நானாச் சொன்னா பொம்பளப்புள்ளையக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிப்போகும்ல.”

“சார்கிட்ட மறுநாள் சொன்னேன் அண்ணே.”

“சார்கிட்டயா?”

“ஆமா. தனியா.”

“ம்.” தலையை ஆட்டினார். “சரி மேடம்.”

அவருடைய மகளைப் பற்றி நான் கேட்க வாயெடுத்தேன். கேட்டால் அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன். அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, தாளை மேசை விளிம்போடு நேராக வைத்தார்.

“எங்க போடணும்?”

விரலை வைத்துக் காட்டினேன். தமிழில், முழுப் பெயரையும் தகப்பன் பெயரையும் சேர்த்து, ஓர் எழுத்தும் விடாமல் எழுதினார். எழுதி முடித்ததும் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். அவர் பெயருக்குக் கீழே இன்னொரு கோடு காலியாக இருந்தது. சாட்சி என்று அச்சடித்திருந்தார்கள். அங்கே நான் போட்டேன்.